மயிலிறகு நூலும் ஒரு பேரரசியின் முடிவும்

தம்பானூரில் அலுவல் முடித்து நாகர்கோவில் திரும்பும் மாலை ரயிலில், உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த ‘யான்சி அரண்மனையின் கதை’ என்னும் சீனத் தொடரைக் கைப்பேசியில் கண்டு வந்தோம். 2018இல் வெளியான இத்தொடர் 70 பகுதிகள் கொண்டது. காலம், பதினெட்டாம் நூற்றாண்டின் சியன்லோங் பேரரசர் ஆட்சி. தமக்கையின் மரணத்துக்குக் காரணம் தேடி, பூத்தையல் பணிப்பெண்ணாக அரண்மனை புகுகிறாள் வெய் யிங்லுவோ.

பேரரசியின் பிறந்தநாள் ஆடைக்கென ஒப்படைக்கப்பட்ட மயிலிறகு நூல் களவு போகிறது. அவளோ மான்வால் மயிரைத் திரித்து நூலாக்கி, குறித்த நாளில் ஆடையை முடித்துவிடுகிறாள். பெட்டகச் சாவியைப் பொறுப்பில் வைத்திருக்கும் எமக்கு, காதற்காட்சிகளைவிட அந்தக் கையிருப்புக் குறைவே நெஞ்சைப் படபடக்கச் செய்தது!

பகைவர் ஒவ்வொருவராக வீழும் முறை பின்பாதியில் சலிப்பூட்டுகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பேரரசி ஃபூச்சாவின் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. மகனை இழந்தபின் அவர் மாடத்திலிருந்து குதித்து உயிர்விடுவதாகத் தொடர் காட்டுகிறது. வரலாற்றிலோ, 1748இல் பேரரசருடன் சென்ற பயணத்திலிருந்து திரும்பும் வழியில் நோயுற்று இறந்தார். அவருக்காகப் பேரரசர் இரங்கற்பாக்கள் பல இயற்றினார். சி. வி. ராமன் பிள்ளையும் 1891இல் வெளிவந்த ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் சுபத்திரை என்னும் கற்பனைப் பெண்ணைப் படைத்தார். வாழ்ந்து மறைந்த ஒருவருக்குத் தற்கொலையை எழுதுவது அத்தகையதன்று.

ஆயினும், அப்பகுதியைக் கண்ட மாலையில் எம் கண்கள் கலங்கியது உண்மை. நெய்யாற்றின்கரை கடக்கும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தோம்.