மீனும் வீடியோ விளையாட்டும்

காலை ஏலத்தில் மீனுக்குக் கிடைக்கும் விலை மாலையில் கிடைப்பதில்லை. எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் சிறு குழந்தையும் இதை அறியும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்பதை அறிவீர்களா, தோழியரே?

இவ்விளையாட்டுகள் முன்பு பெரும்பாலும் கடைகளில் குறுந்தகடுகளாகவே கிடைத்தன. இன்று பல, இணையத்தின் வழியே நேராகக் கருவியில் இறங்குகின்றன. வெளிவரும் நாளையும் விலையையும் முன்னரே அறிவித்து ஆவலைத் தூண்டுவார்கள். பெரிய நிறுவனங்களின் புது விளையாட்டுகள் பல, அமெரிக்காவில் 70 டாலர் வரை விற்கின்றன. சிறு குழுவினரின் விலை குறைவு. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தையும் அம்மாவின் சமையலையும் சொல்லும் 'வெண்பா' 2023 ஜூலை 31-இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 14.99 டாலர்தான். ஆயினும் 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. நமக்குப் பெருமையன்றோ!

ஒன்றை மறக்கலாகாது. இறக்கிய விளையாட்டைப் பொதுவாகத் தோழிக்கு இரவல் தரவோ, பழையதென்று விற்கவோ இயலாது. நாம் வாங்குவது பொருளன்று, ஆடும் உரிமையே. இணையக் கடையும் நிலையானதன்று. நின்டெண்டோ நிறுவனம் தன் இரு பழைய கருவிகளுக்கான கடையில் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் அப்பாவின் விசைப்படகு கடலுக்குச் செல்லவில்லை. அப்போதுதான் புதிதாக வந்த ஒரு விளையாட்டு உடனே வேண்டுமென்று தம்பி அழுதான். மாமா வாங்கித் தந்த கருவி வீட்டில் இருந்தது, பணம்தான் இல்லை. "மீன் காத்திருந்தால் கெடும், விளையாட்டு கெடாது. பொறுத்திரு" என்றேன். சில மாதங்களில் அது தள்ளுபடியில் பாதி விலைக்கு வந்தது. அப்பாவே வாங்கித் தந்தார்.

விளையாட்டின் விலையைக் கேட்குமுன் வீட்டின் நிலையை எண்ணிப் பார்ப்போமாக!