கடைச்சரக்கிலிருந்து கொல்லைப்பயிர்

காசு கொடுத்து வாங்கிய இஞ்சி, அடுக்களை மூலையில் சில நாள் கிடந்தால், அதன் விரல் நுனிகளில் முளை தோன்றுவதை யாவரும் கண்டிருப்பர். அதனைக் குப்பையில் எறிவாரும் உளர். மண்ணிற் புதைத்துப் பயன் கொள்வாரும் உளர். கடையில் வாங்கும் காய்கறியெல்லாம் இங்ஙனம் மீண்டும் பயிராகுமோ எனின், ஆகா. எது ஆகும், எது ஆகாது என்பதை அறிய விரும்புவோர், நாம் உண்பது செடியின் எவ்வுறுப்பு என்று முதற்கண் வினவுதல் வேண்டும்.

இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் விளைவனவாயினும் வேர்களல்ல, தண்டுகளே. ஆதலின் அவற்றிற்குக் கணுக்கள் உண்டு. கணுக்களில் மொட்டுகள் உண்டு. உருளைக்கிழங்கின் கண் எனப்படுவதும் அத்தகைய மொட்டே. காரட்டோ மெய்யான வேர். அதன் தலையை அரிந்து நீர்த்தட்டில் வைத்தால் அழகிய இலைகள் துளிர்க்கும். அவற்றைக் கண்டு, அடியில் வேறொரு காரட்டுப் பருத்து வரும் எனக் காத்திருப்போர் ஏமாறுவர். துளிர்ப்பது தலையில் எஞ்சிய சிறு தண்டே. வெட்டுண்ட வேர் மீண்டும் கிழங்காகாது. வேராயிருந்தும் இதற்கு விலக்காய் நிற்பது சர்க்கரைவள்ளி. அது தன் உடலிலேயே புது மொட்டுகளைத் தோற்றுவித்துக் கொடிவிடும். அக்கொடியை நறுக்கி நடுவதே உழவர் வழக்கம்.

மொட்டின் அருமையை எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கத்தார் நூலில் படித்தறிய வேண்டுவதில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜாப் புயல், இவ்வட்டாரத்திலும் பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. தென்னைக்கு உச்சியில் குருத்து ஒன்றே. அது முறிந்தால் மரம் முடிந்தது. புதுக் கன்று நட்டு, நெட்டை வகையாயின் ஆறேழு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். முருங்கையோ மென்மரம், காற்றுக்கு முதலில் ஒடிவது அதுவே. ஆயினும் ஒடிந்த கிளையைப் போத்தாக நறுக்கி நட்டால், உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துத் தழைக்கும். வலிய மரம் மாளவும் மெலிய மரம் பிழைக்கவும் காரணம் இம்மொட்டன்றி வேறென்ன?

நிற்க. புதினாவையும் பொன்னாங்கண்ணியையும் இலை ஆய்ந்தபின் காம்பை எறியாது, கணு நீரில் அமிழுமாறு வைத்தால் சில நாளில் வேர் காணும். கறிவேப்பிலைக் காம்பு அவ்வளவு எளிதில் இணங்காது. தாய்மரத்தடியில் வேரிலிருந்து கிளைக்கும் கன்றைப் பெயர்த்து நடுவதே நன்று.

விதையைப் பற்றியும் ஒரு சொல். கத்தரி, வெண்டை முதலியவற்றை நாம் பிஞ்சாக வாங்குகிறோம்; அவற்றுள் இருக்கும் விதை முற்றாதது, முளையாது. பழுத்த தக்காளியின் விதை முளைக்கும். மேலுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பதாதலின், அதனை ஓரிரு நாள் ஊறவைத்துக் கழுவி உலர்த்துக. ஆனால் வாங்கியது வீரிய ஒட்டு ரகமாயின், அடுத்த தலைமுறை தாயைப் போலவே இராது. பண்புகள் பிரிந்து, செடிக்குச் செடி வேறுபடும். உருளைக்கிழங்கு இங்கும் முளைத்துத் தழைக்கும். ஆயின் கிழங்கு திரளக் குளிர்ந்த இரவு வேண்டுமாதலால், நீலகிரி விளைவை நம் கொல்லையில் எதிர்பார்த்தல் வீண்.

எனவே முதன்முறை முயல்வோர்க்கு யான் பரிந்துரைப்பன இஞ்சியும் மஞ்சளுமே. மளிகைக்கடை மஞ்சள் வேகவைத்து உலர்த்தப்பட்டது, அதில் உயிரில்லை. பொங்கற் பானையிற் கட்டும் பச்சை மஞ்சட்கொத்தின் கிழங்கை நிழலில் வைத்திருந்து, சித்திரை வைகாசியில் நடுக. இஞ்சியையும் அப்பருவத்தில், துண்டுக்கு இரண்டு மொட்டேனும் இருக்குமாறு ஒடித்து, வெட்டுவாய் ஒருநாள் உலர்ந்தபின், இரண்டங்குல ஆழத்தில் நடலாம். களிமண்ணாயின் மணலும் மக்கிய எருவும் கலத்தல் இன்றியமையாதது. ஐப்பசி மழையில் தொட்டியின் அடித்துளை அடைபட்டால் கிழங்கு அழுகிவிடும். அம்மாதத்தில் மட்டும் நாள்தோறும் ஒரு குச்சியால் துளையைக் குத்திவிடுக. எட்டு ஒன்பது திங்களில் இலை பழுத்துச் சாயும்போது, தைப்பொங்கலும் அண்மித்திருக்கும்.