வெள்ளை வண்டியும் பாலிஷ் மிஷினும்

கார் ஆனாலும் சரக்கு ஏற்றும் வேன் ஆனாலும் வியாபாரிகளாகிய நம்மில் பலருக்கு வெள்ளை நிறத்தின் மேல்தான் விருப்பம். வெயிலில் சூடு குறைவு, விற்கும்போது எளிதில் விலை போகும். அம்பாசிடர் உற்பத்தி 2014-லும் ஆம்னி 2019-லும் நின்றுவிட்டன. ஆனாலும் அவற்றை வைத்துப் பராமரிக்கும் வணிக அன்பர்கள் உண்டு. அந்த வண்டிகளையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குப் போய் மிளகும் பலாவும் அன்னாசியும் ஏற்றி வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் மிதித்தபடியே இறங்கவேண்டும். பிரேக் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் சூட்டோடு பெயிண்டில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு பனி பட்டுத் துருப்பிடித்து, மிளகாய்த்தூள் தூவினாற்போல் செம்புள்ளிகளாகத் தெரிகிறது. கறுப்பு வண்டியில் இது கண்ணில் படாது. வெள்ளையில் நன்றாகக் காட்டிக் கொடுக்கும். "பெயிண்ட் போய்விட்டது, மிஷின் பாலிஷ் போடுங்கள்" என்று பட்டறையில் சொல்வார்கள். அவசரப்படக் கூடாது. தூள் இருக்கும்போதே மிஷினை ஓட்டினால் அந்த இரும்பே கீறல் போடும். முதலில் இரும்புத் தூளைக் கரைக்கும் திரவத்தை அடித்துக் கழுவவேண்டும். அது ஊதா நிறமாக வழிந்தால் தூள் கரைகிறது என்று பொருள். பல வண்டிகளுக்கு இதுவே போதும், பாலிஷே தேவைப்படாது.

பாலிஷ் என்பது பூசுவது அல்ல, தேய்த்து எடுப்பது. அரிசி ஆலையில் நடப்பதுதான் இங்கும். தீட்டத் தீட்ட வெண்மை கூடும், அளவு மீறினால் குருணைதான் மிஞ்சும். இன்றைய கார்களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற பூச்சு உண்டு. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான். மைக்ரான் கணக்கு நமக்குப் புதிதா என்ன! 50 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக் கூடாதென்று 2016-ல் விதி வந்தபோது நாம் பட்ட பாடு மறக்குமா? அந்தப் பை அளவு கனத்தில்தான் காரின் பளபளப்பு முழுவதும் நிற்கிறது. ஒரு தடவை நல்லபடி பாலிஷ் செய்தால் சில மைக்ரான் போகும். முரட்டுக் காம்பவுண்டை வைத்து வருடா வருடம் தேய்த்தால் கிளியர் கோட் அறுந்து, தோல் உரிவதுபோல் உரியும். பிறகு மறு பெயிண்ட்தான். வெள்ளையிலும் பலவகை உண்டு. ஒரு கதவுக்கு மட்டும் அடித்தால் நிறம் ஒத்துப்போகாமல், "ஆக்சிடென்ட் வண்டியா?" என்று வாங்க வருபவர் விலையைக் குறைப்பார்.

பழைய வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது. மேலே சுண்ணாம்புபோல் பூத்திருந்தால் மிஷின் பாலிஷ் நல்ல பலன் தரும். எந்த வகை என்று அறிய, வெள்ளையல்லாத பாலிஷைக் கறுப்புத் துணியில் தொட்டு ஓர் ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளை ஏறினால் நேரடிப் பெயிண்ட்.

மிஷினிலும் இரண்டு வகை. ஒரே அச்சில் வேகமாகச் சுற்றுவது சீக்கிரம் வேலை முடிக்கும். ஆனால் கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் ஒரு விநாடி கூடுதலாக நின்றால் சூட்டில் பெயிண்டைப் பொசுக்கிவிடும். ஆடியபடி சுற்றும் வகையில் அந்த அபாயம் குறைவு. எதுவானாலும் நிழலில், பாடி ஆறிய பிறகே செய்யவேண்டும். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு டேப் ஒட்டச் சொல்லுங்கள். காம்பவுண்ட் பட்ட வெள்ளைக் கறை அவற்றிலிருந்து லேசில் போகாது.

டெலிவரி எடுக்கும்போது உஷார். வெள்ளையில் கீறல் தெரியாது என்ற தைரியத்தில், எண்ணெய்ப் பசையுள்ள மெருகைத் தடவிக் கீறலை மறைத்துத் தருபவர்களும் உண்டு. மினரல் ஆயில் தடவிய மிளகு நாம் அறியாததல்லவே. 2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளுக்குச் சீல் வைக்கப்பட்டதும் அந்தப் புகாரில்தான். இரண்டு வாட்டர் வாஷில் அந்த மெருகு போய்விடும். ஆகவே ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவிக் காட்டச் சொல்லி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். வீட்டில் போர் தண்ணீரில் கழுவினால் வெயிலில் தானாகக் காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். உப்புக் கறை படிந்தால் மறுபடியும் பாலிஷ்காரரைத் தேடவேண்டியிருக்கும்.