காத்திருக்கலாமா, வாங்கிவிடலாமா?

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். அதே பெரியவர்கள்தாம் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றும் சொல்லி வைத்தார்கள். எந்தச் சமயத்தில் எதைப் பின்பற்றுவது என்பதை மட்டும் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்! களத்தில் நெல் தூற்றுகிறவனுக்கு இதில் சங்கடம் இல்லை. காற்று வீசினால் அவன் மேலேயே படும். ஆனால், விளையாட்டுக்கென்று உயர்ந்த ரக டெலிவிஷன் ஒன்று வாங்க நினைக்கும் குடும்பத் தலைவிக்குக் காற்று எப்போது வீசுகிறது என்று எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். "அம்மா, இவ்வளவு நல்ல பிளேஸ்டேஷனை இந்தப் பழைய டி.வி.யில் போட்டு விளையாடச் சொல்கிறாயே, நியாயமா?" என்கிறான் பிள்ளை. "தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார் அவன் அப்பா. "இப்போது வாங்காதீர்கள் அக்கா, இதைவிட நல்லது வரப்போகிறது" என்கிறார் ஊரிலிருந்து வந்த தம்பி. மூன்று பேருடைய யோசனையையும் கேட்டுக்கொண்டு, பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சில வீடுகளில், விளையாடப் போகிறவரே நீங்களாகவும் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை!

ஐம்பத்தைந்து அங்குலத்தில் உயர்ந்த ரகப் பெட்டி என்றால், விலை லட்ச ரூபாயை ஒட்டியோ அதைத் தாண்டியோ நிற்கிறது. பல குடும்பங்களில் ஒரு குழந்தையின் வருஷப் பள்ளிச் சம்பளம் அது. ஆகையால், எதை வாங்குவது என்பதைப் போலவே எப்போது வாங்குவது என்பதும் பெரிய கேள்விதான்.

இதற்கு ஒரு சுலபமான அளவுகோல் உண்டு. காத்திருப்பதில் இரண்டு வகை. ஒன்று, தேதி உள்ள காத்திருப்பு. மற்றொன்று, தேதி இல்லாத காத்திருப்பு. முன்னது பணத்தை மிச்சப்படுத்தும். பின்னது காலத்தை விழுங்கும்.

தேதி தெரிந்தால் பொறுக்கலாம்

சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. அப்போது எல்லாம் கறுப்பு வெள்ளைதான். 1982 ஆகஸ்டு 15-ல் தூர்தர்ஷனில் வர்ணம் வந்தது. அந்த நவம்பர் 19-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் ஆரம்பமாயின. வர்ணப் பெட்டி வேண்டும் என்று நினைத்தவர்கள் அதற்காகக் காத்திருந்ததில் அர்த்தம் இருந்தது. என்ன வரப்போகிறது என்பதும் எப்போது வரப்போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

சமீபத்திய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன்களுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 28 ஆக இருந்தது. அதை 18 ஆகக் குறைப்பதென்று 2025 செப்டம்பர் 3-ந் தேதி முடிவாயிற்று. செப்டம்பர் 22 முதல் புது விகிதம் அமலுக்கு வந்தது. வரி நீங்கலாக லட்ச ரூபாய் விலையுள்ள பெட்டிக்கு இதனால் பத்தாயிரம் ரூபாய் குறைந்தது. பத்தொன்பது நாள் பொறுமைக்குப் பத்தாயிரம் ரூபாய்! இப்படிப்பட்ட காத்திருப்பைத்தான் சிக்கனம் என்று சொல்ல வேண்டும்.

தேதி தெரியாவிட்டால்?

2010-ஆம் வருஷ வாக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் முப்பரிமாண டெலிவிஷன்தான் இனி உலகம் என்றார்கள். 2017-க்குள் பெரிய கம்பெனிகள் அதைக் கைவிட்டுவிட்டன. கண்ணாடிகள் அலமாரியில் தூசி படிந்து கிடந்ததுதான் மிச்சம்.

பிறகு 8 கே வந்தது. இப்போது பரவலாக இருக்கும் 4 கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உண்டு. 8 கே திரையிலோ மூன்று கோடியே 32 லட்சம்! கேட்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தத் திரையை நிரப்பக்கூடிய விளையாட்டுக்கள் எங்கே? பிளேஸ்டேஷன் 5-இன் அட்டைப் பெட்டியில் முதலில் 8 கே என்று அச்சடித்திருந்தார்கள். பின்னாளில் அந்த முத்திரையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

விளையாட்டு இயந்திரத்தையும் டெலிவிஷனையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கம்பியிலும் இதே கதைதான். 2.2 என்ற புதிய தரத்தை 2025 ஜூனில் வெளியிட்டார்கள். பழைய 2.1-ஐப் போல இரண்டு மடங்கு செய்தியை அது கடத்தும். இருந்தாலும் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கும் 2.1-தான். அகலமான பாதை போட்டுவிட்டால் மாட்டுவண்டி மோட்டாராகிவிடுமா?

"அடுத்த விளையாட்டு இயந்திரம் வந்த பிறகு வாங்கலாம்" என்பாரும் உண்டு. பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தது 2013 நவம்பரில். ஐந்து வெளிவந்தது 2020 நவம்பரில். இடைவெளி ஏழு வருஷம். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பெட்டியின் விலை வருஷா வருஷம் இறங்கலாம். பதினாறு வயதுப் பிள்ளை அடுத்த வருஷமும் பதினாறு வயதிலேயே நிற்கப்போவதில்லை. அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, கூடத்தில் எவ்வளவு உயர்ந்த பெட்டி இருந்தென்ன?

பைசாச் செலவில்லாத ஒரு வைத்தியம்

கடைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள டெலிவிஷனை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். "பட்டனை அமுக்கினால் மெதுவாக நகர்கிறது" என்று பிள்ளை குறைப்படுகிறானா? ரிமோட்டை எடுத்து, படத்துக்கான அமைப்புக்களில் 'கேம் மோட்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். சினிமாவும் சீரியலும் வழவழவென்று தெரிவதற்காக டெலிவிஷன் ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிக் காட்டுகிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. சில பெட்டிகளில் இது ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகிவிடும்.

இது என்ன பெரிய தாமதம் என்று தோன்றுகிறதா? மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து அந்த நேரத்தில் நான்கு மீட்டர் ஓடிவிடும். மட்டையை எப்போது வீசுவது? கேம் மோட் இந்த மெருகு வேலைகளை ஒதுக்கிவிட்டுப் படத்தை உடனே திரைக்கு அனுப்புகிறது. பல வீடுகளில் பிள்ளையின் குறை இதிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்தால் லட்ச ரூபாய் மிச்சம்!

எந்த இயந்திரத்துக்கு எந்தப் பெட்டி?

குறை தீரவில்லையா? அடுத்தபடியாக, வீட்டிலுள்ள விளையாட்டு இயந்திரம் எது என்று பாருங்கள். பழைய பிளேஸ்டேஷன் 4-ஆக இருந்தால், அது செகண்டுக்கு அறுபது படங்களுக்கு மேல் அனுப்பாது. விலை உயர்ந்த பெட்டியின் வேகம் அதற்கு வீண். பிளேஸ்டேஷன் 5-ம், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் 4 கே தரத்திலேயே செகண்டுக்கு 120 படங்கள் வரை அனுப்பவல்லவை. எல்லா விளையாட்டுக்களும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. பல விளையாட்டுக்கள் முப்பதிலும் அறுபதிலுமே நின்றுவிடுகின்றன. உங்கள் வீட்டில் ஓயாமல் ஆடும் விளையாட்டு எந்த ரகம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பதில் உடனே வரும்!

120 தேவை என்று முடிவானால் கடையில் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். திரை 120 ஹெர்ட்ஸில் இயங்குமா? வி.ஆர்.ஆர். உண்டா? அதாவது, இயந்திரம் படங்களைக் கூட்டியும் குறைத்தும் அனுப்பும்போது, திரையும் அதற்கேற்பத் தாளம் போடுமா? எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகளில் எத்தனை 120-க்கு இடம் கொடுக்கும்? நான்கு போர்ட்டுகள் இருந்தாலும் பல பெட்டிகளில் இரண்டுக்குத்தான் அந்தச் சக்தி உண்டு. அதில் ஒன்றை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டால், பாக்கி ஒன்றுதான்.

கூடத்தைக் கேளுங்கள்

உங்கள் கூடத்தில் பகலெல்லாம் வெயில் அடிக்கிறதா? ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும்; வேண்டாதபோது தானே அணைந்துவிடும். ஆகையால், இருட்டு நிஜ இருட்டாகவே தெரியும். விளையாட்டுக்கு அதன் சுறுசுறுப்பு அலாதி. ஆனால், ஒரே உருவம் நாள்கணக்கில் ஒரே மூலையில் நின்றால் அதன் சுவடு நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடும். பிள்ளை ஆடும் ஒரே விளையாட்டின் புள்ளிக் கட்டம் ஒரு மூலையில், மாமியார் பார்க்கும் ஒரே சானலின் சின்னம் மறு மூலையில் என்று தினமும் பல மணி நேரம் ஓடும் வீடானால் யோசிக்க வேண்டியதுதான். சுவடு பதிந்தால் வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் மிகுந்த கூடத்துக்கும், ஓய்வில்லாமல் ஓடும் பெட்டிக்கும் மினி எல்.இ.டி. ரகம் தோதானது. அதில் திரைக்குப் பின்னால் நுண்ணிய விளக்குகள் வரிசையாக எரிகின்றன. பதிவு என்ற பயம் இல்லை.

அளவுக்கும் கணக்கு உண்டு. திரையின் அங்குலத்தை ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாக, 1.6-ஆல் பெருக்கினால், உட்கார வேண்டிய தூரம் அங்குலத்தில் கிடைக்கும். 55 அங்குலப் பெட்டிக்கு ஏழடிக்குச் சற்று மேல். 65 அங்குலத்துக்கு எட்டரை அடிக்குச் சற்று மேல். கடையில் சிறியதாகத் தெரிந்த பெட்டி, வீட்டுக்கு வந்ததும் சுவரையே விழுங்குவது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. கடைக்குப் போகுமுன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

பஞ்சாங்கம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் பெரிய கண்காட்சி நடக்கிறது. கம்பெனிகள் புதுப் பெட்டிகளைக் காட்டுவது பெரும்பாலும் அங்கேதான். அவை சில மாதங்கள் கழித்துத்தான் கடைக்கு வருகின்றன. வந்த புதிதில் விலை உச்சியில் இருக்கும். மாதங்கள் போகப் போக இறங்கும். நம் ஊரில் அது ஆடித் தள்ளுபடியிலும், ஆயுத பூஜை, தீபாவளி விற்பனையிலும் நன்றாகவே தெரியும்.

ஆகவே, வருஷத்தில் இரண்டு நல்ல வேளைகள். புது மாடல் வந்து, போன வருஷத்து மாடல் இன்னும் கடையை விட்டுப் போகாத நேரம் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் சொற்பமாகவே இருக்கும். ஆனால், நீங்கள் கேட்கும் அளவு தீர்ந்து போயிருக்கலாம். இன்னொன்று, இந்த வருஷத்து மாடலே இறங்கி வரும் தீபாவளிச் சமயம். புதுப் பெட்டி கடைக்கு வந்த முதல் வாரத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்!

"வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைக் கண்டால் சற்று நில்லுங்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் பாங்குகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறது. அந்த வட்டி பெரும்பாலும், உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். "மொத்தப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்த பிறகு தவணையைப் பற்றி யோசிக்கலாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்றார்கள். பருவம் பார்த்து விதைக்கச் சொன்னார்களே தவிர, விதையை மூட்டையிலேயே வைத்துக்கொண்டு நல்ல விதை வரட்டும் என்று உட்காரச் சொல்லவில்லை. இன்று இரவே ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள். எந்த இயந்திரத்துக்கு, எந்த அளவுப் பெட்டி என்பது முதல் வரி. அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது இரண்டாவது. எந்தத் தேதி வரை பொறுப்பது என்பது மூன்றாவது. வீட்டில் எல்லாரும் பார்க்கும்படி அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். அந்த விலை முன்னதாக வந்தால் வாங்கிவிடுங்கள். தேதி வந்தும் விலை எட்டவில்லை என்றால், அந்தப் பணத்துக்குள் அடங்கும் பெட்டியை வாங்குங்கள். அல்லது, இந்த வருஷம் வேண்டாம் என்று பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரணத்தோடு சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுப்பதைவிட அது அவனுக்கு எவ்வளவோ மேல்.

வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு வருஷத்துக்கு டெலிவிஷன் விளம்பரம் எதையும் ஏறிட்டுப் பார்க்காதீர்கள்!