பீனிசமும் குருதிச் சான்றும்

தெஹியோவிட்டையைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் மழைக்குக் குறைவில்லை. லயத்துக் காம்பராக்களின் சுவர்கள் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் உலராதிருக்கும். அங்கே காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காய்த் தும்மி, மூக்கு நீராய் வடிய, கண்களைக் கசக்கியவாறு பள்ளி செல்லும் சிறுவனைத் ‘தடிமன் பிடித்தவன்’ என்று கூறி விட்டுவிடுதல் வழக்கம். தடிமனோ ஏழெட்டு நாளில் ஆறிவிடும். இவனது துன்பம் மாதக்கணக்கில் நீடிக்கும், காய்ச்சலும் இராது. பீனிசம் என மக்கள் வழங்குவனவற்றுள் ஒன்றாகிய ஒவ்வாமை நாசியழற்சி இதுவேயாம்.

ஈரலிப்பான வீட்டின் பாய், தலையணைகளில் வாழும் தூசியுண்ணி இதற்குத் தலையாய காரணம். 1964இல் ஒல்லாந்து நாட்டு வூர்ஹோர்ஸ்ற் குழுவினர் இதனைத் தெளிவுபடுத்தினர். தேயிலைத் தூசியும் குற்றமற்றதன்று. டீமேக்கர்களுக்கு அத்தூசியால் ஈளை நோய் உண்டாதலை இலங்கை மருத்துவர் ஊரகொட 1970இல் எழுதி வெளியிட்டார்.

தூசி எல்லோர் மூக்கிலும் புகுகின்றது. சிலர் மட்டும் தும்முவது ஏன்? விடை குருதியில் உள்ளதென்பதை 1921இல் பிரவுஸ்னிற்ஸ், கூஸ்ற்னர் என்னும் இருவர் காட்டினர். கூஸ்ற்னருக்கு மீன் ஒவ்வாது. அவரது குருதித் தெளியத்தைத் தம் தோலுட் செலுத்திய பிரவுஸ்னிற்ஸ், பின்னர் அவ்விடத்தில் மீன்சாறு பட்டதும் தடிப்புண்டாகக் கண்டார். அத்தெளியத்தில் இருந்த பொருள் யாதென அறிய நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. 1966இல் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும், 1967இல் சுவீடனில் யொகான்சன், பெனிச் ஆகியோரும் தனித்தனியே கண்ட அப்பிறபொருளெதிரிக்கு இம்யூனோகுளோபுலின் ஈ என 1968இல் பெயரிடப்பட்டது. இது மூக்கின் சவ்விலுள்ள கலங்களைப் பற்றி நிற்கும். தூசி வந்து தொட்டதும் அக்கலங்கள் ஹிஸ்ரமினைக் கொட்டும். தும்மலும் நீர்வடிதலும் உடனே தொடரும்.

அவ்வாறாயின் குருதியில் இதன் அளவைக் கண்டு நோயின் கடுமையைக் கூறிவிடலாமோவெனின், தோட்டப்புறத்தில் அது பெரும் பிழையாகலாம். கொழுக்கிப்புழு, வட்டப்புழு ஆகியனவும் இதே பிறபொருளெதிரியையும் இயோசின்நாடி வெண்குழியங்களையும் மிகுவிக்கும். இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழுவை எதிர்த்த பெருமுயற்சி 1916இலேயே தொடங்கியது. அத்துணைப் பழைய பகை அது. ஆகவே தொகை மிகுந்திருத்தல் புழுவின் சாட்சியாகவும் இருத்தல் கூடும். ஒரு குறித்த பொருளுக்கு எதிரான ஈ-வகையைத் தனியே அளப்பின் எது ஒவ்வாது என்பது ஓரளவு தெரியும். எத்துணை வருத்துகின்றது என்பது அப்போதும் தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. நிர்ப்பீடனப் படையைத் தூண்டுவோர் இருப்பதுபோல் அடக்குவோரும் உளர். ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி 1995இல் இனங்காட்டிய ஒழுங்காக்கும் ரீ கலங்களே அவை. அத்துறை ஆய்வுக்காக அவரும் புறங்கோ, ராம்ஸ்டெல் ஆகியோரும் 2025இல் நோபல் பரிசு பெற்றனர். 2004இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், ஒவ்வாமை உடையோரின் இத்தகைய கலங்கள் மற்றையோருடையவற்றினும் வலுக்குன்றி அடக்கின. மகரந்தப் பருவத்தில் நோயுற்றோரிடத்து அவ்வலு மேலும் குன்றியது. எண்ணிக்கையன்றி ஆற்றலே அங்கே கருதத்தக்கது. இக்கலங்கள் சுரக்கும் இன்ரர்லூக்கின்-10 என்னும் பொருள் அழற்சியைத் தணிப்பது. தேனீ வளர்ப்போர் பலமுறை கொட்டப்பட்டும் வருந்தாதிருத்தற்கு அதுவும் ஜீ-4 வகைப் பிறபொருளெதிரியும் துணைசெய்கின்றன. விந்தை யாதெனின், குடற்புழுக்களும் தம்மைக் காத்துக்கொள்ள இவ்வடக்கும் கலங்களையே தூண்டுகின்றன.

இவ்வளவுகளெல்லாம் ஆய்வுகூடத்துக்கு உரியன. நோயாளிக்கு நாள்தோறும் அளந்து கூறத்தக்கனவாக இன்னும் ஆகவில்லை. 2001இல் வெளியான உலகளாவிய வழிகாட்டி கடுமையை வரையறுக்குமிடத்துக் குருதியை நாடவில்லை. உறக்கம் கெடுகின்றதா, படிப்பும் தொழிலும் விளையாட்டும் தடைப்படுகின்றனவா, அறிகுறிகள் தொல்லை தருகின்றனவா என்றே வினவுகின்றது. கொழுந்தெடுக்க விடியற்காலை புறப்படும் தாயிடம், “பிள்ளை இரவில் வாயைத் திறந்தபடி உறங்குகின்றானா, எத்தனை முறை விழிக்கின்றான்?” என்று கேட்பதற்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை.