பழைய பத்மினிக்கு டிஸ்க் பிரேக்: டிஸ்க்கை மட்டும் மாத்தினா போதுமா?

பழைய கார் வச்சிருக்கிற பசங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இதுதான்: "தாத்தாவோட பிரீமியர் பத்மினி இருக்கு. முன்னாடி டிஸ்க் பிரேக் போடலாமா?" போடலாம். ஆனா டிஸ்க்கை மட்டும் மாட்டிட்டு மீதியை அப்படியே விட்டா, ஒழுங்கா செட் பண்ணின ட்ரம்மை விட ஆபத்தான வண்டிதான் கிடைக்கும். ஏன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

இதைப் பேச எங்க ஏரியாவுக்கு உரிமை உண்டு. பாடியில் எம்.டி.எச். ரோட்டில் போகும்போது பிரேக்ஸ் இந்தியா போர்டைப் பார்த்திருப்பீங்க. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் கர்லிங்கும் சேர்ந்து 1962-ல் தொடங்கின கம்பெனி அது. கொஞ்சம் தள்ளிப் போனா அம்பத்தூர் எஸ்டேட். ட்ரம்மை லேத்தில் போட்டுச் சீவித் தர ஆள் தேடி இங்கே ரொம்ப அலைய வேண்டாம்.

பிரேக் என்ன பண்ணுது? வண்டியின் வேகத்தைச் சூடா மாத்துது, அவ்வளவுதான். வேகம் 40-லிருந்து 80 ஆனா, கரைக்க வேண்டிய ஆற்றல் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. ட்ரம்மில் அந்தச் சூடு மூடின சட்டிக்குள்ளேயே தங்கிடும். சூட்டில் ட்ரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், லைனிங்கோட பிடியும் குறையும். பெடல் கீழே போகும், வண்டி நிக்காது. டிஸ்க் வெளியே காத்தில் சுத்துது, சீக்கிரம் ஆறிடும். 1953-ல் ஜாகுவார் டன்லப் டிஸ்க் பிரேக்கோட லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்சப்போ உலகமே கவனிச்சது இதைத்தான்.

மழையும் ஒரு காரணம். நவம்பரில் அம்பத்தூர், ஆவடி பக்கம் முட்டியளவு தண்ணியில் ஓட்டிட்டு வெளியே வந்து பிரேக்கை மிதிச்சிருக்கீங்களா? ட்ரம்முக்குள்ள புகுந்த தண்ணி சீக்கிரம் வெளியேறாது. இடது பக்கம் பிடிச்சு வலது பக்கம் பிடிக்காம ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும். டிஸ்க்கில் பேட் உரசியே தண்ணியைத் துடைச்சிடும்.

அப்புறம் என்ன யோசனைன்னு கேட்பீங்க. ட்ரம்முக்கு ஒரு தந்திரம் உண்டு. சக்கரம் சுத்துற திசையிலேயே திறக்கிற ஷூவை, சுழலும் ட்ரம்மே இன்னும் உள்ளே இழுத்து அழுத்திக்கும். உங்க கால் கொடுக்கிறதை விட அதிகமா பிடிக்கும். பல பழைய கார்களில் முன்சக்கரத்தின் ரெண்டு ஷூவுமே இப்படித்தான். (ரிவர்ஸில் மேட்டில் நிறுத்தினா பிடி குறையறது இதனாலதான்.) டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது. அதனால பூஸ்டர் இல்லாத வண்டியில் டிஸ்க் மாட்டினா, பெடல் கல்லு மாதிரி இருக்கும். அவசரத்தில் முழு உடம்பையும் போட்டு மிதிக்கணும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பெரும்பாலானவங்க கோட்டை விடறது இங்கேதான். ட்ரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில், லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்பவும் தக்க வைக்க ஒரு சின்ன வால்வு இருக்கும். ட்ரம்மில் ஷூவை ஸ்பிரிங் பின்னாடி இழுத்துடும், பிரச்சினை இல்லை. டிஸ்க்கில் அப்படி இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்த அழுத்தம் அப்படியே நின்னா பேட் உரசிக்கிட்டே இருக்கும். பூந்தமல்லி தாண்டுறதுக்குள்ள சக்கரம் கொதிக்கும், ஆயில் கொதிச்சு ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். டாட் 3 பிரேக் ஆயில் புதுசில் 205 டிகிரி வரை கொதிக்காம தாங்கணும். ஈரம் உறிஞ்சின பழைய ஆயிலுக்கு அந்தக் குறைந்தபட்ச அளவே 140 தான்.

கேலிப்பர் பிஸ்டன் பெரிசு, அதனால ஆயிலும் அதிகம் வேணும். பேட் தேயத் தேய டப்பாவில் அளவு இறங்கும். மாஸ்டர் சிலிண்டரையே மாத்தப் போறீங்கன்னா, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் இருக்கிறதைப் போடுங்க. அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடிச்சா எல்லாமே போச்சு. என்னைக் கேட்டா, டிஸ்க்கை விட இந்த ஒரு மாற்றம்தான் உயிரைக் காப்பாத்தும்.

முன்-பின் சமநிலையும் முக்கியம். பிரேக் பிடிக்கிறப்போ எடை முன்னாடி சாயும், பின்சக்கரம் லேசாகும். பின்னாடி முதல்ல லாக் ஆச்சுன்னா வண்டி சுத்திடும். பின் ட்ரம்மை அப்படியே வச்சுக்கலாம், ஹேண்ட் பிரேக்கும் பிழைக்கும். ஆனா பின்னாடி போற அழுத்தத்தைச் சரி பார்க்கிற மெக்கானிக் வேணும். "ரெடிமேட் கிட் இருக்கு தம்பி, அரை நாள் வேலை"ன்னு சொல்றவர்கிட்ட, "அண்ணே, மாஸ்டர் சிலிண்டருக்கு என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேளுங்க. பதிலிலேயே ஆளைத் தெரிஞ்சுடும்.

ஞாயித்துக்கிழமை மட்டும் காலையில் எடுக்கிற வண்டின்னா, முதல்ல இருக்கிற ட்ரம்மை ஒழுங்கு பண்ணுங்க: புது வீல் சிலிண்டர், புது ஹோஸ், சீவின ட்ரம், அதோட வளைவுக்குப் பொருந்துற லைனிங், சரியான அட்ஜஸ்ட்மென்ட். பழைய லைனிங் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தினமும் வெளிவட்டச் சாலையில் ஓட்டுறீங்கன்னா கதை வேற. 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கிற புது கார் எல்லாத்துலயும் ஏ.பி.எஸ். கட்டாயம். முன்னால போறவர் சட்டுனு நின்னுடுவார், நீங்க நிக்கணுமே.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயசு தாண்டி அசல் வடிவில் இருக்கிற வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் முன்கூட்டியே கேட்டுடுங்க. வெல்டிங் வேண்டவே வேண்டாம், போல்ட்டில் மாட்டுறதா இருக்கட்டும். கழட்டின பாகங்களை எடைக்குப் போடாம துணியில் சுத்தி வைங்க.

வேலை முடிஞ்சதும் நேரா மெயின் ரோட்டுக்குப் போகாதீங்க. காலி இடத்தில் 20-ல் ஆரம்பிச்சு, வேகத்தைக் கூட்டிக் கூட்டி நிறுத்திப் பாருங்க. பிறகு பிரேக்கை அதிகம் தொடாம ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டே கையைக் கொண்டு போய்ப் பாருங்க. தொட வேண்டாம். முன்சக்கரம் ரெண்டில் ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா, அந்தப் பக்கக் கேலிப்பர் விடாம பிடிச்சிருக்கு. வண்டியைத் திரும்பப் பட்டறைக்கே விடுங்க.