மலைக்கு ஒரு குடில்

நியூகினித் தீவின் மேற்கு முனை வரைபடத்தில் பறவைத் தலை மாதிரியே இருக்கும். டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரும் அதுதான்: வோகல்காப். இன்று அது இந்தோனேசியாவில் இருக்கிறது. மனோக்வாரி ஊரிலிருந்து ஜீப்பில் ஏறினால் ஆர்ஃபாக் மலைத்தொடர். எல்லாரையும் போல நானும் சொர்க்கப் பறவைகளைப் பார்க்கத்தான் போனேன். திரும்பி வந்த பிறகு படித்துக்கொண்டிருப்பதோ, கொண்டைகூட இல்லாத ஒரு பழுப்புப் பறவையைப் பற்றி.

முதலில், வழிகாட்டி ஏன் வேண்டும்? 1858ல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இதே மனோக்வாரியில் (அப்போது டோரே) மூன்று மாதத்துக்கு மேல் தங்கியிருந்தார். ஆர்ஃபாக் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் ஏற முடியவில்லை. இன்று ஏறலாம். ஆனால் காடு அங்கே வாழும் ஹாத்தாம் மக்களின் குலச் சொத்து, அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. ஆண் பறவை ஆடும் களமும் கட்டும் குடிலும் பெரும்பாலும் வருஷா வருஷம் அதே இடத்தில்தான் இருக்கும். அந்த இடம் தெரிந்தவர் கூட வராவிட்டால் பத்து நாள் நடந்தாலும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

விடிவதற்கு முன் தலைவிளக்கோடு ஈர வேர்களில் வழுக்கி வழுக்கி நடந்து, இலைகளால் மறைத்த ஒரு சின்னத் தடுப்புக்குள் உட்கார்ந்தோம். வழிகாட்டி சொன்னது ஒரே வார்த்தை: "துங்கு." காத்திரு என்று அர்த்தம்.

எதிரே வோகல்காப் பவர்பேர்டின் குடில். சுமார் ஒரு மீட்டர் உயரத்தில், குச்சிகளால் கூரை போட்ட குடிசை. வாசலில் பச்சைப் பாசி விரிப்பு. அதன்மேல் சிவப்புப் பழங்கள் ஒரு குவியல், கறுப்புக் காளான்கள் இன்னொரு குவியல், வண்டுச் சிறகுகள் தனியாக. ஓரத்தில் ஒரு நீல பாட்டில் மூடி! பறவை போன பிறகு, குப்பைதானே என்று அதை எடுக்கக் கை நீட்டினேன். வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அது அவனுடையது என்று சைகை காட்டினார்.

இது கூடு அல்ல. முட்டையிடுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெண் பறவை, வேறிடத்தில். குடில் பெண்ணைக் கவர மட்டும். பவர்பேர்டுகளில் இறகு மங்கலான இனங்களின் குடில் ஆடம்பரமாக இருப்பதை 1956ல் தாமஸ் கில்லியர்ட் கவனித்தார். கவர்ச்சி உடம்பிலிருந்து பொருளுக்கு மாறிவிட்டது என்பது அவர் விளக்கம்.

ஆனால் என்னை உலுக்கியது ஜாரெட் டயமண்டின் 1986 ஆய்வு. தெற்கே குமாவா மலையில் இதே இனம் கூரையே போடுவதில்லை. குச்சிக் கோபுரம், கறுப்பு விரிப்பு, அலங்காரம் நத்தை ஓடு, கல் போன்றவைதான். வண்டாமென் மலையிலோ ஆர்ஃபாக் போலவே வண்ணக் குடில். அங்கே டயமண்ட் சூதாட்ட வில்லைகளை வைத்துப் பார்த்தார். நீலத்துக்கு முதலிடம், வெள்ளையைச் சீண்டவில்லை. பிறகு 2000ல் ஆல்பர்ட் உய், ஜெரால்ட் போர்ஜியா இருவரும் ஆர்ஃபாக், ஃபக்ஃபக் மலைப் பறவைகளை ஒப்பிட்டார்கள். மரபணு வித்தியாசம் மிகக் குறைவு. ரசனை வித்தியாசமோ பெரிது.

ஏன் இப்படி? இது நடுமலைப் பறவை. மலைகளுக்கு நடுவே சூடான தாழ்நிலக் காடு, அதற்கு அது கடல் மாதிரி. ஆக ஒவ்வொரு மலையும் தீவுக்குள் ஒரு தீவு. ஒரு மலையின் பெண்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுவே அந்த மலையின் பாணியாகிவிடுகிறது.

இனப் பட்டியலில் இவை எல்லாமே ஒரே வரி. நாளைக்கு குமாவா காடு போனாலும் அந்த வரி அப்படியே இருக்கும், அந்தக் கோபுரம் மட்டும் இருக்காது. பட்டியல் தவறவிட்டதற்கு உதாரணமும் ஆர்ஃபாக்கிலேயே இருக்கிறது. அங்குள்ள 'சூப்பர்ப்' சொர்க்கப் பறவை தனி இனம் என்பதற்கு, அதன் ஆட்டத்தைப் படமெடுத்து 2018ல்தான் ஆதாரம் காட்டினார்கள். பெட்டியில் அடுக்கிய தோல்களில் ஆட்டம் தெரியாது, இல்லையா?

நீங்கள் போனால் குடில் வாசலில் எதையும் எடுக்காதீர்கள், எதையும் வைக்காதீர்கள். பாட்டில் மூடியை மட்டும் பத்திரமாக உங்கள் பைக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.